பாட்டுப் பெட்டிப் பரீட்சை

"என் கணவருக்குச் சங்கீதப் பித்து. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. இப்போது 'டாக்' என்று ஒரு பெட்டி வேண்டுமாம். விலை 1,50,000 ரூபாய். அது பாடாது, ஆடாது, மற்றப் பெட்டிகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும். வேண்டாம் என்று சொன்னால் எனக்கு ரசனை இல்லை என்கிறார். வாங்கலாமா, கூடாதா? ஒரு வழி சொல்லுங்கள்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சகோதரியை நினைத்து அல்ல, என்னை நினைத்துத்தான். சென்ற வருஷம் இதே மாதிரி ஒரு பெட்டி, ஏறக்குறைய இதே விலையில், எங்கள் வீட்டுக் கூடத்திலும் வந்து ஒரு வாரம் உட்கார்ந்திருந்தது. அதை வைத்து ஒரு பரீட்சையே நடத்திவிட்டோம். அந்தக் கதையைச் சொன்னால், கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கும்.

முதலில், அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது?

இந்தக் காலத்துச் சங்கீதம் எண்களாக இருக்கிறது. சி.டி.யிலும் சரி, கைப்பேசி வழியாக வரும் பாட்டிலும் சரி, உள்ளே இருப்பது குரலும் அல்ல, வீணையும் அல்ல, வெறும் எண்கள். ஒலி அலையை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு தடவையும் 65,536 படிகளில் எந்தப் படியில் இருக்கிறது என்று குறித்து வைக்கிறார்கள். சி.டி.க்காக ஃபிலிப்ஸ், சோனி என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து வகுத்த கணக்கு இது. 1982-ல் ஜப்பானில் சி.டி. முதன்முதலாகக் கடைக்கு வந்தது. ஆனால் பாவம், ஸ்பீக்கருக்கு எண் தெரியாது. மின்சார அலைதான் தெரியும். எண்களை வாங்கிக்கொண்டு மறுபடியும் அலையாக்கிக் கொடுக்கும் பெட்டிதான் 'டாக்'.

நாம் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரிதான். எண்கள் எல்லாம் புள்ளிகள். டாக் கோடு இழுக்கிறது.

"அப்படியானால் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இருந்த சங்கீதம் போய்விடாதோ?" என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதானே? இஞ்சினீயரிங் காலேஜில் படிக்கும் என் பெண் பதில் சொன்னாள்.

நம் கோலத்தில் அதே புள்ளிகளுக்குப் பத்து விதமாகக் கோலம் போடலாம். இங்கே அந்தச் சுதந்திரம் கிடையாது. மனிதக் காதுக்கு, அதுவும் இளங்காதுக்கு, விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்டதை முதலிலேயே வடிகட்டிவிட்டு, அந்த எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் புள்ளி வைத்தால், அந்தப் புள்ளிகளின் வழியாக ஒரே ஒரு கோலம்தான் போட முடியும். 1928-ல் நைக்விஸ்ட் என்பவர் இதற்கு அஸ்திவாரம் போட்டார். 1949-ல் ஷானன் என்பவர் கணிதமாகவே எழுதி நிரூபித்துவிட்டார். விளம்பரங்களில் படிக்கட்டு மாதிரி ஒரு படம் போட்டு, "டிஜிட்டல் ஒலி இப்படித்தான் கரடுமுரடாக இருக்கும்" என்று பயமுறுத்துவார்கள். பெட்டியிலிருந்து வெளியே வருவது படிக்கட்டு அல்ல; வழவழப்பான அலை.

ஆகவே, நல்ல டாக் என்பது தன் கைவரிசை எதையும் காட்டாமல் இருப்பது. கோடு நடுங்கக் கூடாது. கோலத்தின் மேல் தூசு படியக் கூடாது. இந்தக் காலத்தில் இது ஒன்றும் அபூர்வமான வித்தை அல்ல. உங்கள் கைப்பேசிக்குள் ஒரு டாக் இருக்கிறது. தொலைக்காட்சிக்குள் ஒன்று இருக்கிறது. ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கும் ஹெட்போன் இணைப்பு வயருக்குள்ளேகூட ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது.

பின்னே 1,50,000 ரூபாய் எதற்கு? அதற்கும் காரணங்கள் உண்டு. சிலர் அமெரிக்காவின் ஈ.எஸ்.எஸ்., ஜப்பானின் ஏ.கே.எம். முதலிய கம்பெனிகளின் சில்லுகளை வாங்கிப் பொருத்துகிறார்கள். சிலர் மின்தடைகளை ஏணிப்படி மாதிரி அடுக்கிச் செய்கிறார்கள். அந்த ஏணியில் ஒரு படிகூடப் பிசகக் கூடாது என்பதால் செலவு அதிகம். இங்கிலாந்தில் கார்ட் என்ற கம்பெனி, கடைச் சில்லு வேண்டாம் என்று தானே எழுதிய கணக்கை உள்ளே ஓட்டுகிறது. இவற்றோடு கனமான அலுமினியப் பெட்டி, தனி மின்சார ஏற்பாடு, அழகான குமிழ், ரிமோட். செய்வதும் கொஞ்சம் பெட்டிகள்தான். விலை ஏறாமல் என்ன செய்யும்?

இப்போது கடைக்குப் போவோம்.

கடைக்காரர் மிகவும் மரியாதைப்பட்டவர். காப்பி வரவழைத்தார். முதலில் சாதாரணப் பெட்டியில் ஒரு பாட்டு. பிறகு அதே பாட்டு உயர்ந்த பெட்டியில். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹா! திரையை விலக்கின மாதிரி இருக்கிறது!" என்றார்.

"என்னங்க, இரண்டாவதில் சத்தம் கொஞ்சம் கூட இருக்கிற மாதிரி இல்லை?" என்றேன் நான், மெதுவாக.

"அது சத்தம் இல்லை அம்மா, உயிர்!" என்றார் கடைக்காரர்.

உயிருக்கு மேல் நான் என்ன சொல்ல? ஆனால் விஷயம் என்னவென்றால், பெட்டிக்குப் பெட்டி வெளியே வரும் மின்சாரத்தின் அளவு மாறும். சாதாரண வயரில் 2 வோல்ட் வருவது வழக்கம். 'பாலன்ஸ்டு' என்று மூன்று முனை வைத்த பெரிய வயரில் 4 வோல்ட்கூட வரும். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தால் காதுக்குச் "சத்தம் அதிகம்" என்று தோன்றாது. "நன்றாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை; காது தானாகவே ஏமாந்துவிடும்.

முன்பணம் கொடுத்தால் ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். இவர் பெட்டியைக் குழந்தையை ஏந்துவது போல் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அன்று சாயங்காலமே, "அடுப்பங்கரையிலிருந்தே வித்தியாசம் தெரிந்திருக்குமே உனக்கு?" என்றார். எனக்கு அடுப்பங்கரையில் தெரிந்தது குக்கர் விசில்தான். அதை எப்படிச் சொல்வது? அப்போதுதான் என் பெண், "அப்பா, பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாமே" என்றாள்.

அவளிடம் 12,000 ரூபாயில் ஒரு சின்ன டாக் இருந்தது. பழைய சி.டி. பிளேயரின் பின்பக்கத்தில் டிஜிட்டல் ஒலி வருவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. ஒன்றிலிருந்து பெரிய பெட்டிக்கும் மற்றொன்றிலிருந்து சின்னப் பெட்டிக்கும் வயர் கொடுத்தாள். இரண்டும் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு இடங்களில் போய்ச் சேர்ந்தன. ஒரு குமிழைத் திருப்பினால் மாறும். என் பழைய நூல் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டி, அவள் உள்ளே உட்கார்ந்துகொண்டாள். நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து, அதன்படி பெட்டியை மாற்றுவாள். எந்தப் பெட்டி என்று நாங்கள் சீட்டில் எழுத வேண்டும். பத்துத் தடவை.

பரீட்சைக்கு மூன்று பேர் உட்கார்ந்தோம்: இவர், நான், என் மாமியார். அத்தையின் விடைத்தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் சுற்றில் பெட்டிகளை இருந்தது இருந்தபடியே வைத்தோம். இவர் 10-க்கு 9 சரியாக எழுதிவிட்டார்! மீசையில் கை போயிற்று. பிறகு என் பெண் ஒரே சீரான சுருதி ஒன்றைப் போட்டு, மல்ட்டி மீட்டரால் ஸ்பீக்கர் முனையில் அளந்தாள். பெரிய பெட்டியில் வோல்டேஜ் அதிகம். அதன் குமிழைத் திருப்பி இரண்டையும் சரிசமமாக்கினாள். இரண்டாவது சுற்று நடந்தது.

இவர் 10-க்கு 5. நான் 10-க்கு 6.

"ரசனை இல்லாதவள் ஒரு மார்க் கூட வாங்கிவிட்டேனே!" என்றேன். ஆனால் அந்த 6-க்கும் ஒரு மதிப்பும் கிடையாது. காதைப் பொத்திக்கொண்டு எழுதினாலும் 5, 6 வந்துவிடும். 9 அல்லது அதற்கு மேல் குருட்டாம்போக்கில் வருவது 100 தடவையில் ஒரு தடவைதான். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ உள்ளே ஏதாவது குளறுபடி செய்தாயா?" என்று பெண்ணைக் கேட்டார். இல்லை என்றாள். சிரித்துவிட்டார். இவரிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான்.

ஒரு வீட்டுக் கூடத்துப் பரீட்சையை மட்டும் நம்பலாமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மேயர், மோரன் என்ற இருவர் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். சி.டி.யைவிட உயர்ந்த ரகப் பதிவுகளை அப்படியே ஒரு முறையும், சி.டி. அளவுக்குக் குறைத்து ஒரு முறையும் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதி! 2007-ல் இது அச்சில் வந்தது. மற்றக் கட்சியையும் சொல்லிவிட வேண்டும்: 2016-ல் லண்டனில் ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் இப்படிப்பட்ட 18 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார். 100-க்குச் சுமார் 52 சரியாக வந்தது. பழக்கப்பட்ட காதுகள் இன்னும் சற்று நன்றாகவே தேறின. ஆக, வித்தியாசம் அடியோடு இல்லை என்பதற்கில்லை; இருந்தால் அது மயிரிழை.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்குச் சில யோசனைகள்.

முதலாவது, துளைகளைப் பாருங்கள். உங்கள் வீட்டில் பாட்டு எதிலிருந்து வருகிறது? கம்ப்யூட்டர் என்றால் யு.எஸ்.பி. துளை வேண்டும். தொலைக்காட்சி என்றால் பெரும்பாலும் ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெட்டியில் நமக்கு வேண்டிய துளை இல்லை என்றால் வீடே சிரிக்கும். ஹெட்போனில் கேட்பவராக இருந்தால், பெட்டிக்கு அதை ஓட்டும் வலு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள். சி.டி. ஒலிக்கு 96 டெசிபல் போதும். 110-க்கு மேல் சொன்னால் வீட்டுக்குத் தாராளம். நாம் விரும்பிக் கேட்கும் பழைய கச்சேரிகள் பலவும் ஒலிநாடாவில் பதிவானவை; அந்த நாடாவின் இரைச்சல், எந்த நல்ல டாக்கின் இரைச்சலையும் விடப் பல மடங்கு அதிகம். எந்தப் பெட்டியாலும் அதைத் துடைக்க முடியாது.

மூன்றாவது, முத்திரைக்காக வாங்காதீர்கள். 2014-ல் எம்.க்யூ.ஏ. என்று ஒரு புது முறை வந்தது. அந்த முத்திரை இல்லாத டாக் டாக்கே அல்ல என்று சிலர் பேசினார்கள். 2023-ல் அந்தக் கம்பெனி நொடித்துப் போய்க் கை மாறியது. 2024-ல் அதைப் பெரிதாக ஆதரித்த டைடல் பாட்டுச் சேவையும் அதைக் கைவிட்டது. சில்லின் பெயரிலும் அதே சமாசாரம்தான். 2020 அக்டோபரில் ஜப்பானில் நோபியோகா என்ற ஊரில் ஏ.கே.எம். தொழிற்சாலை தீப்பற்றிக்கொண்டது. சில்லுக்குப் பஞ்சம் வந்தது. பெட்டி செய்கிறவர்கள் பலர் வேறு சில்லைப் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். சங்கீதம் நின்றுபோகவில்லை.

நான்காவது, பழுதானால் யார் பார்ப்பார்கள், எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வீட்டில் வைத்துக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். சத்தத்தைச் சமமாக்காமல் கேட்காதீர்கள். மல்ட்டி மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான்.

ஆறாவது, பணம் எங்கே போனால் காதுக்குத் தெரியுமோ அங்கே போகட்டும். ஸ்பீக்கர் மாறினால் எல்லோருக்கும் தெரியும். அதைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள். வெறும் தரையும் வெறும் சுவருமான கூடத்தில் ஒலி முட்டி மோதும். ஒரு ஜமக்காளம் விரித்து, கனமான திரைச்சீலை தொங்கவிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம் அடுப்பங்கரை வரைக்கும் நிஜமாகவே கேட்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும், "கைக்கு மிஞ்சிய பணம் இருக்கிறது, பெட்டி அழகாக இருக்கிறது, எனக்கு ஆசையாக இருக்கிறது" என்று உங்கள் கணவர் சொன்னால், தடுக்காதீர்கள். பட்டுப் புடவை நூல் புடவையைவிடக் கூடுதலாகவா நம் மானத்தைக் காக்கிறது? ஆசைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் தப்பில்லை. அவசியம் என்று நினைத்து வாங்கினால்தான் தப்பு.

இப்போது அத்தையின் விடைத்தாள்.

என் மாமியாருக்குச் சின்ன வயதிலேயே முறையாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சங்கீதத்துக்கு அவர்தான் ஹைகோர்ட். மார்கழி என்றால் சபா சபாவாகப் போய் வருவார். இரண்டு வருஷமாகப் போகவில்லை. "முழங்கால் வலி" என்று சொல்வார், நாங்களும் நம்பிவிட்டோம்.

பரீட்சைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பதிவுகளில் ஒன்று, 1966-ல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மாள் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியது. அத்தைக்கு அது மனப்பாடம். பத்துத் தடவை கேட்டார். சீட்டில் ஒன்றுமே எழுதவில்லை. கடைசியில் மகனைக் கூப்பிட்டு, "இரண்டு பெட்டியும் வேண்டாமடா. திருப்பிக் கொடுத்துவிடு. தம்பூராவையே காணோம். எம். எஸ். கூட வார்த்தையை முழுங்குகிற மாதிரி இருக்கிறது" என்றார்.

இவர் முகம் மாறிவிட்டது. எம். எஸ். வார்த்தையை முழுங்குவதாவது! எங்களுக்கெல்லாம் ஒவ்வோர் எழுத்தும் மணி மணியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என் பெண் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளை. தம்பூராவின் ரீங்காரத்தில் மினுமினுக்கிற பகுதி அங்கேதான் இருக்கிறது. 'ச', 'த' போன்ற மெய்யெழுத்துக்களின் தெளிவும் அங்கேதான். அதனால் பேச்சு காதில் விழும், வார்த்தை புரியாது. "கத்தாதே, காது கேட்கிறது" என்பார்கள்; சொன்னது என்னவென்று மட்டும் தெரியாது. அத்தை இரண்டு வருஷமாக எங்கள் முகத்தைப் பார்த்தே தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்களோ ஒரு டெசிபலைத் தேடிக்கொண்டிருந்தோம்!

மறுநாளே டாக்டரிடம் போனோம். முதலில் குறும்பி அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகு காது பரிசோதனை. இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்றார்கள். அந்தக் கருவிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? மைக் கேட்ட ஒலியை எண்ணாக்கி, எந்தச் சுருதி குறைகிறதோ அதை மட்டும் கூட்டி, மறுபடி ஒலியாக்கிக் காதுக்குள் விடுகிறது. சாட்சாத் அதே டாக் வேலைதான். முழுக்க டிஜிட்டலான காதுக் கருவிகள் 1996-லேயே வந்துவிட்டன.

முதல் நாள் ஒரு சங்கடம். பேச்சு நன்றாகக் கேட்டது. தம்பூரா போட்டால் சுருதி ஆடியது. நீளமாக ஒரே சீராக வரும் ஒலியைக் கருவி தன்னுடைய சொந்தக் கூச்சல் என்று நினைத்து அடக்கப் பார்க்குமாம். பரிசோதனை செய்த பெண்ணிடம் சொன்னோம். சங்கீதத்துக்கென்று தனியாக ஓர் அமைப்பை வைத்துக் கொடுத்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாட்டில் ஆசை இருந்தால், இதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு இப்படி முடிந்தது. பெரிய பெட்டி கடைக்குத் திரும்பியது; முன்பணத்தை முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டார்கள். காதுக் கருவி 90,000. பெண்ணின் டாக்கை இவர் தமக்கு வைத்துக்கொண்டு, அவளுக்கு 12,000 கொடுத்துவிட்டார். மீதி 48,000 தபாலாபீஸுக்குப் போயிற்று.

போன மார்கழியில் ஒரு நாள் விடிகாலை. வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். இவர் வழக்கம்போல் அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே என்று பாட்டை உரக்க வைத்திருந்தார். அத்தை பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்டா! இங்கே யாருக்குக் காது கேட்கவில்லை?"